சந்தை சரியவில்லை, சேமிப்பு கரைகிறது

பங்குச்சந்தை சரிந்தால் அது செய்தி. சந்தை ஏறிக்கொண்டிருக்கும்போதே மக்கள் பணத்தை இழந்தால் அது செய்தியாவதில்லை. எஃப் அண்ட் ஓ என்று சுருக்கமாக அழைக்கப்படும் முன்பேர, ஆப்ஷன் வர்த்தகத்தில் இந்தியத் தனிநபர்கள் 2021-22 முதல் 2023-24 வரையிலான மூன்று நிதியாண்டுகளில் இழந்த தொகை ₹1.81 லட்சம் கோடி. அதே மூன்றாண்டில் நாட்டின் முக்கியக் குறியீட்டு எண்கள் ஏறத்தாழ 50 சதவீதம் உயர்ந்தன. பங்கை வாங்கிச் சும்மா வைத்திருந்தவர் லாபம் பார்த்தார். அந்தப் பங்குகளின் விலை எந்தப் பக்கம் போகும் என்று பணம் கட்டியவர் தோற்றார்.

இது யாரோ சந்தை எதிர்ப்பாளர் போட்ட கணக்கு அல்ல. சந்தையை மேற்பார்வையிடும் ஒழுங்குமுறை அமைப்பே 2024 செப்டம்பரில் வெளியிட்ட ஆய்வின் முடிவு. மூன்றாண்டுகளில் இந்த வர்த்தகத்தில் இறங்கிய தனிநபர்கள் 1.13 கோடி பேர். அவர்களில் 93 சதவீதம் பேருக்கு நஷ்டம். தரகும் கட்டணங்களும் போக ஒரு லட்ச ரூபாய்க்கு மேல் லாபம் கண்டவர்கள் நூற்றுக்கு ஒருவர் மட்டுமே. அடுத்த நிதியாண்டான 2024-25இல் கட்டுப்பாடுகள் சில வந்தன. வர்த்தகம் செய்தோர் எண்ணிக்கை ஓரளவு குறையவும் தொடங்கியது. ஆயினும் அந்த ஓராண்டு நஷ்டம் மட்டும் ₹1.05 லட்சம் கோடியைத் தாண்டியது. முந்தைய ஆண்டைவிட 41 சதவீதம் அதிகம். தமிழகத்தின் மகளிர் உரிமைத் தொகைத் திட்டத்தில் 2024-25இல் 1.15 கோடி பேருக்கு மாதம் ₹1,000 வழங்கப்பட்டது. அந்தக் கணக்கில் அதன் ஆண்டுச் செலவு சுமார் ₹13,800 கோடி. அதைப்போல ஏழு மடங்குக்கும் மேலான தொகை ஒரே ஆண்டில் தனிநபர்களின் வங்கிக் கணக்குகளிலிருந்து வெளியேறியிருக்கிறது.

வெளியேறியது யாருடைய பணம் என்பதே கவலையின் மையம். வர்த்தகம் செய்தவர்களில் முக்கால்வாசிப் பேர் தங்கள் ஆண்டு வருமானம் ஐந்து லட்ச ரூபாய்க்குக் கீழ் என்று அறிவித்தவர்கள். 72 சதவீதம் பேர் முதல் 30 பெருநகரங்களுக்கு வெளியே வசிப்பவர்கள். 30 வயதுக்கு உட்பட்டவர்களின் பங்கு 2022-23இல் 31 சதவீதமாக இருந்தது. ஒரே ஆண்டில் அது 43 சதவீதம் ஆனது. தொடர்ந்து இரண்டு ஆண்டு தோற்றவர்களில் நான்கில் மூன்று பேருக்கு மேல் மூன்றாம் ஆண்டும் பணம் கட்டினார்கள். உபரிப் பணத்தை முதலீடு செய்வோரின் நடத்தை இப்படி இருக்காது. விட்டதைப் பிடிக்க நினைப்பவர்களின் நடத்தை இது.

ஆப்ஷன் என்ற கருவியே தீயது என்று சொல்வதற்கில்லை. ஒரு பங்கையோ சரக்கையோ குறித்த விலைக்கு, குறித்த நாளுக்குள் வாங்கவோ விற்கவோ உரிமை தரும் ஒப்பந்தம் அது. அந்த உரிமைக்குக் கொடுக்கும் விலை பிரீமியம். கையில் நிறையப் பங்கு வைத்திருப்பவர் விலை விழுந்தால் அடி வாங்காதிருக்க அதை வாங்கலாம். காப்பீட்டுக்குத் தவணை கட்டுவது போன்றது அது. கையில் பங்கே இல்லாதவர் அதை வாங்கும்போது அது காப்பீடு ஆகாது. காலாவதி நாளன்று மாலைக்குள் விலை எதிர்பார்த்த திசையில் நகராவிட்டால் கட்டிய பிரீமியம் முழுவதும் போய்விடும். ஒப்பந்தத்தில் ஒருவர் பெறுவது மற்றவர் இழந்ததே. புதிதாக எதுவும் விளைவதில்லை. தரகும் வரியும் கழித்துப் பார்த்தால் எல்லோரும் பெற்றதன் கூட்டுத்தொகை எல்லோரும் கட்டியதைவிடக் குறைவு.

இத்தகைய சந்தை ஒரு தேவையிலிருந்துதான் பிறந்தது. ஒசாகா நகரின் டோஜிமா அரிசிச் சந்தைக்கு ஜப்பானிய ஷோகுன் அரசு 1730இல் அங்கீகாரம் கொடுத்தது. சாமுராய்களின் ஊதியம் அரிசியாக அளக்கப்பட்ட காலம் அது. அரிசி விலை வீழ்ந்தால் ஆளும் வர்க்கத்தின் வருமானமே வீழ்ந்தது. வரப்போகும் அரிசிக்கு முன்கூட்டியே விலை பேசும் வழி அவர்களுக்கும் வணிகர்களுக்கும் தேவைப்பட்டது. 1848இல் சிகாகோவில் தானியச் சந்தை அமைந்ததற்கும் காரணம் ஏறத்தாழ இதுவே. நிலமும் விளைச்சலும் கப்பலும் இருந்தவர்கள் தங்கள் இடரை, அதைச் சுமக்க வசதி உள்ளவர்களிடம் ஒப்படைத்தார்கள். இடரைத் தாங்க முடியாதவரிடமிருந்து தாங்க முடிந்தவருக்கு மாற்றுவதே இச்சந்தைகளின் நியாயம். இன்று இந்தியக் குறியீட்டு ஆப்ஷன் சந்தையில் இடர் நேர் எதிர்த் திசையில் போகிறது.

திசை மாறியபோதெல்லாம் சட்டம் தாமதமாகத்தான் வந்தது. 1720இல் லண்டனில் தென்கடல் கம்பெனியின் பங்கு ஜனவரியில் சுமார் 128 பவுண்டுக்கு விற்றது. கோடையில் ஆயிரத்தை நெருங்கியது. ஆண்டு முடிவதற்குள் கிட்டத்தட்டத் தொடங்கிய இடத்துக்கே திரும்பியது. ஆப்ஷன் பேரங்களைத் தடைசெய்யும் சட்டத்தை பிரிட்டிஷ் நாடாளுமன்றம் நிறைவேற்ற 1734 ஆனது. அந்தச் சட்டம் 1860 வரை புத்தகத்தில் இருந்தது. பேரங்களும் அதுவரை தெருவில் நடந்துகொண்டே இருந்தன. முழுத் தடை கேட்பவர்கள் இந்த நூற்றாண்டுக்கு மேலான அனுபவத்தையும் பார்க்க வேண்டும்.

இந்தியாவுக்கு வேறு நாட்டுப் பாடம் தேவையில்லை. 1861இல் தொடங்கிய அமெரிக்க உள்நாட்டுப் போரால் அந்நாட்டுப் பஞ்சு லங்காஷயர் ஆலைகளுக்குப் போவது நின்றது. ஆலைகள் இந்தியப் பஞ்சைக் கேட்ட விலைக்கு வாங்கின. பம்பாயில் குவிந்த பணம், கடலைத் தூர்த்து நிலமாக்கப் புறப்பட்ட கம்பெனிகளின் பங்குகளில் பாய்ந்தது. ₹5,000 செலுத்திய பங்கு ₹50,000 வரை கைமாறியது. வாங்கியவர்களில் பலர் பணம் கொடுத்து வாங்கவில்லை. பின்னொரு தேதியில் தீர்ப்பதாக வாய்ப்பேரம் பேசியவர்கள். அந்தப் பேரங்களில் ஏராளமானவற்றுக்குத் தீர்வு நாள் 1865 ஜூலை 1. போர் ஏப்ரலிலேயே முடிந்து, பஞ்சு விலை அதற்குள் விழுந்திருந்தது. அந்த நாள் வந்தபோது கொடுக்க வேண்டியவர்களிடம் பணமில்லை. பெற வேண்டியவர்களும் வேறொருவருக்குக் கொடுக்க வேண்டியவர்களாகவே இருந்தார்கள். பங்குகளை ஈடாக வாங்கிக்கொண்டு கடன் கொடுத்த பம்பாய் வங்கி மூலதனத்தை இழந்து 1868இல் கலைக்கப்பட்டது. அந்த வங்கியில் அரசும் ஒரு பங்குதாரர். கொண்டாட்டம் நடந்தபோது அரசு வெளியே நின்று பார்த்துக்கொண்டிருக்கவில்லை என்பதை இங்கே குறித்துக்கொள்ள வேண்டும்.

சென்னைக்கும் ஒரு கணக்கு உண்டு. 1906 அக்டோபரில் ஆர்பத்நாட் வங்கி நிறுவனம் கதவடைத்தபோது ஓய்வூதியர்களும் சிறு வைப்பாளர்களும் வாழ்நாள் சேமிப்பை இழந்தார்கள். அதன் லண்டன் கூட்டாளி ஊகத்தில் விட்ட பணம் மதராஸ் மாகாணத்து வீடுகளின் பணம். அவர்களுக்கு அது எங்கே போகிறது என்று தெரியாது; சொல்வாரும் இல்லை. இன்றைய நிலை அப்படி இல்லை. பணம் போவது தெரிகிறது, எவ்வளவு போகிறது என்பதும் தெரிகிறது, போவதைத் தடுக்க வேண்டியவர்களுக்கும் தெரிகிறது.

சுதந்திர இந்தியாவிலும் இதே இழுபறிதான். 1969இல் பங்குகளின் முன்பேர வணிகம் தடைசெய்யப்பட்டது. பேரத்தை அடுத்த தவணைக்குத் தள்ளிப்போடும் பத்லா முறை வேறு வடிவில் திரும்பி வந்தது. பங்குச்சந்தை ஊழல் வெடித்த 1992ஆம் ஆண்டில்தான் மேற்பார்வைக்குச் சட்ட அதிகாரம் கிடைத்தது. 2001இல் இன்னொரு ஊழல் வெடித்தபின் பத்லா ஒழிக்கப்பட்டது. அதற்கு மாற்றாக, வெளிப்படையான, கணக்குள்ள ஏற்பாடாகக் கொண்டுவரப்பட்டவையே 2000ஆம் ஆண்டின் குறியீட்டு முன்பேரங்களும் 2001இன் ஆப்ஷன்களும். நோக்கம் சரியாகவே இருந்தது. ஏறத்தாழ இருபது ஆண்டுகள் அது பெரும்பாலும் நிறுவனங்களும் அனுபவமுள்ள வணிகர்களும் புழங்கும் இடமாகவே இருந்தது.

மாற்றியவை மூன்று: கைப்பேசி, பொதுமுடக்கம், வாரக் காலாவதி. 2020 மார்ச்சில் நாட்டில் இருந்த டீமேட் கணக்குகள் சுமார் 4 கோடி. 2024 மார்ச்சில் 15 கோடி. 2025இல் 20 கோடியைக் கடந்துவிட்டன. கணக்குகள் பெருகியது நல்லதே. தங்கத்திலும் மனையிலும் முடங்கிய சேமிப்பு தொழில்களுக்குப் போவது நாட்டுக்கு வேண்டியது. ஆனால் பங்குச்சந்தைக்குள் நுழைந்தவரை ஆப்ஷன் பக்கம் திருப்பிவிடும் ஏற்பாடு அதே செயலியில், அதே திரையில், இரண்டு தட்டல் தூரத்தில் இருந்தது. மாதம் ஒருமுறை இருந்த காலாவதி நாள் வாரம் ஒருமுறை ஆனது. குறியீட்டுக்கு ஒரு கிழமை என்று பங்கிட்டதில், 2023-24இல் திங்கள் முதல் வெள்ளி வரை ஒவ்வொரு நாளும் ஏதாவதொரு குறியீட்டின் காலாவதி நாளானது. காலாவதி நாளில் பிரீமியம் சில ரூபாய்க்கு இறங்கும். குறைந்த பணத்தில் பெரிய பேரம் என்று தோன்றும். சிறு வருமானக்காரர் அகப்பட்ட இடம் அதுதான்.

எதிரே இருப்பவர் யார் என்பது அவருக்குத் தெரிவதில்லை. 2023-24இல் இச்சந்தையில் செலவுகளுக்கு முந்தைய லாபமாக, சொந்தக் கணக்கில் வர்த்தகம் செய்யும் நிறுவனங்கள் சுமார் ₹33,000 கோடியும், வெளிநாட்டு முதலீட்டு நிறுவனங்கள் சுமார் ₹28,000 கோடியும் ஈட்டின. அந்த லாபத்தில் 96, 97 சதவீதம் கணினி நிரல்வழி வர்த்தகத்தில் வந்தது. வினாடியின் மிகச்சிறு பகுதியில் முடிவெடுக்கும் இயந்திரம் ஒரு பக்கம். மதிய உணவு இடைவேளையில் யூடியூபில் கேட்ட டிப்ஸை நம்பி 'கால்' ஆப்ஷன் வாங்கும் ஊழியர் மறுபக்கம். இதைச் சந்தைப் போட்டி என்று அழைப்பது கடினம்.

19ஆம் நூற்றாண்டின் இறுதியில் அமெரிக்க நகரங்களில் 'பக்கெட் ஷாப்' என்ற அறைகள் இருந்தன. தந்தி நாடாவில் ஓடும் பங்கு விலையைப் பார்த்து, சிறு தொகை கட்டி, ஏறுமா இறங்குமா என்று சொல்லலாம். ஒரு பங்கும் வாங்கப்படாது, விற்கப்படாது. அடுத்த நூற்றாண்டின் தொடக்கத்தில் மாநிலம் மாநிலமாகச் சட்டம் போட்டு அவற்றை மூடினார்கள். நம் ஊரில் டப்பா வர்த்தகம் என்று நடப்பது அதன் உறவு. அது குற்றம், அதற்குக் காவல்துறை சோதனையும் உண்டு. டப்பா வர்த்தகம் குற்றமாவதன் காரணம், அது அங்கீகாரமில்லாத இடத்தில் நடப்பது. பணம் கட்டுபவரின் நோக்கமும் முடிவும் ஒன்றாகவே இருக்கும்போது, இடம் அங்கீகாரம் பெற்றது என்பது மட்டும் போதுமா என்ற கேள்விக்கு மேற்பார்வை அமைப்புகள் இன்னும் நேரான பதில் சொல்லவில்லை.

பதில் வராததன் காரணத்தைத் தேட வெகுதூரம் போக வேண்டாம். மூன்றாண்டுகளில் தனிநபர்கள் இவ்வர்த்தகத்துக்கான செலவாக மட்டும் கட்டியது சுமார் ₹50,000 கோடி. அதில் பாதி தரகு நிறுவனங்களுக்குப் போனது. ஐந்தில் ஒரு பங்கு சந்தை நடத்தும் அமைப்புகளுக்குக் கட்டணமாகப் போனது. மீதியில் அரசுக்கான வரிகளும் உண்டு. 2004 முதல் ஒவ்வொரு பரிவர்த்தனைக்கும் மத்திய அரசு வரி வசூலிக்கிறது. அதிக வர்த்தகம் கொண்டுவரும் தரகருக்குச் சந்தைக் கட்டணத்தில் சலுகை கொடுக்கும் ஏற்பாடு 2024 அக்டோபர் வரை நடைமுறையில் இருந்தது. தரகர், சந்தை, அரசு மூவருக்கும் வருமானம் விற்றுமுதலைப் பொறுத்தது. வாடிக்கையாளர் ஜெயிப்பதைப் பொறுத்தது அல்ல. கதவைக் காக்க வேண்டியவர்களே வாசலில் சுங்கம் வாங்குகிறார்கள்.

கட்டுப்பாடே வரவில்லை என்று சொல்ல முடியாது. 2023 ஜூலை முதல், பத்தில் ஒன்பது பேருக்கு நஷ்டம் என்ற எச்சரிக்கையைத் தரகர்கள் திரையில் காட்ட வேண்டும். 2024 இறுதியில் ஒப்பந்தத்தின் குறைந்தபட்ச மதிப்பு ஐந்து லட்சத்திலிருந்து 15 லட்சமாக உயர்ந்தது. வாரக் காலாவதி, சந்தைக்கு ஒரு குறியீடு என்று குறைந்தது. 2025 செப்டம்பர் முதல் காலாவதி செவ்வாய் அல்லது வியாழன் மட்டுமே. பதிவு பெறாத ஆலோசகர்களோடு தரகர்கள் கூட்டு வைக்கக் கூடாது என்ற விதியும் உண்டு. இவை ஒவ்வொன்றும் வரவேற்கத்தக்கவை. இவற்றில் பெரும்பாலானவை வந்த பிறகுதான் 2024-25இன் கணக்கு வந்தது: 91 சதவீதம் பேருக்கு நஷ்டம். எச்சரிக்கைப் பலகையை 'புரிந்தது' என்று தட்டிவிட்டுக் கடந்து போகிறார்கள். எச்சரித்துவிட்டோம் என்று சொல்வது எச்சரித்தவரின் பொறுப்பை மட்டுமே தீர்க்கிறது.

மறுதரப்பு வாதம் இரண்டு. வயது வந்தவர் தன் பணத்தை எப்படிச் செலவழிப்பது என்பது அவர் விருப்பம் என்பது ஒன்று. தனிநபர்கள் விலகினால் சந்தையில் புழக்கம் குறைந்து, இடரைக் காத்துக்கொள்ள வருபவர்களுக்கும் பாதிப்பு என்பது மற்றொன்று. முதல் வாதத்தைத் தமிழகம் ஏற்கெனவே ஒருமுறை கேட்டு நிராகரித்திருக்கிறது. 2003இல் லாட்டரிச் சீட்டுக்குத் தடை வந்தபோது அரசு தன் வருமானத்தையும் சேர்த்தே விட்டுக்கொடுத்தது. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் பணம் கட்டி ஆடும் இணைய விளையாட்டுகளைத் தடைசெய்தது. பெரும்பாலானோர் பணத்தை இழப்பதைப் பார்த்தே அந்த முடிவுகள் எடுக்கப்பட்டன. அங்கே அடைக்கப்பட்ட பணம் இந்தப் பக்கம் திரும்பும் என்று எதிர்பார்ப்பதே விவேகம். இரண்டாம் வாதம் தன்னையே காட்டிக்கொடுக்கிறது. ஐந்து லட்சத்துக்குக் கீழ் சம்பாதிப்பவரின் நஷ்டம்தான் சந்தையின் புழக்கத்துக்கு எரிபொருள் என்றால், அந்தப் புழக்கத்தைக் காப்பது எந்த அரசின் கடமையும் ஆகாது.

செய்யக்கூடியது என்ன என்பதற்கு முன்னுதாரணம் உண்டு. ஒப்பந்த எண்ணிக்கையில் ஒருகாலத்தில் உலகின் முதலிடத்தில் இருந்தது தென்கொரியாவின் குறியீட்டு ஆப்ஷன் சந்தை. அங்கும் சிறு முதலீட்டாளர்களே பெருமளவில் தோற்றார்கள். 2012இல் அந்நாடு ஒப்பந்த அளவை ஐந்து மடங்காக்கியது. பின்னர், பயிற்சியும் மாதிரி வர்த்தகமும் முடித்த பிறகே புதியவர் இறங்கலாம் என்று நிபந்தனை போட்டது. சந்தை சுருங்கியது. முதலிடம் போனது. தென்கொரியாவின் பங்குச்சந்தை அதனால் அழிந்துவிடவில்லை. விற்றுமுதலை இழக்க ஓர் அரசு துணிந்தது என்பதே அங்கே கவனிக்க வேண்டியது.

இங்கே வேண்டியதும் அந்தத் துணிவே. குறியீட்டு ஆப்ஷன்களின் வாரக் காலாவதி முற்றிலும் நீங்க வேண்டும். ஆப்ஷன் வசதியைத் திறந்துவிடும்போது கேட்கப்படும் வருமானச் சான்று இன்று வெறும் சடங்கு. அதை வருமானத்தோடு இணைந்த நஷ்ட வரம்பாக மாற்ற வேண்டும். ஒருவர் ஓராண்டில் அறிவித்த வருமானத்தில் குறிப்பிட்ட பங்குக்கு மேல் இழந்துவிட்டால், அந்த ஆண்டுக்கு அவர் கணக்கில் புதிய பேரம் திறக்கக் கூடாது. இதற்கு வேண்டிய விவரமெல்லாம் நிரந்தரக் கணக்கு எண் வழியாக மேற்பார்வை அமைப்பிடம் இருக்கிறது. 1.13 கோடி பேரின் லாப நஷ்டத்தை எண்ண முடிந்தவர்களால் ஒருவரின் வரம்பையும் எண்ண முடியும். பதினெட்டு வயதில் டீமேட் கணக்கு திறக்கட்டும், பங்கு வாங்கட்டும். ஆப்ஷன் வாசல் சில ஆண்டு அனுபவத்துக்குப் பின் திறந்தால் யாருக்கும் கேடில்லை.

சந்தை நடத்தும் அமைப்புகள் லாபத்துக்காக இயங்கும் நிறுவனங்களாகவும், தங்கள் உறுப்பினர்களைக் கண்காணிக்கும் முதல்நிலைக் காவலர்களாகவும் ஒரே நேரத்தில் இருக்கின்றன. இந்த இரட்டை வேடம் குறித்து நாடாளுமன்றத்தின் நிதி நிலைக்குழு தனியாக விசாரிக்க வேண்டும். மத்திய நிதித்துறை, ஆப்ஷன் பரிவர்த்தனைகளில் ஒவ்வோராண்டும் கிடைத்த வரித் தொகையையும், அதே ஆண்டில் தனிநபர்கள் இழந்த தொகையையும் ஒரே பக்கத்தில், பக்கத்துப் பத்திகளில் அச்சிட்டு நிதிநிலை அறிக்கையோடு அவையில் வைக்க வேண்டும். இரண்டு எண்களும் அரசிடம் இருக்கின்றன. இதுவரை அவை தனித்தனி ஆவணங்களில், தனித்தனி மாதங்களில் வெளியாகி வந்திருக்கின்றன.